கருப்பையிறக்கம்: மறைக்கத் தக்கதன்று, தீர்க்கத் தக்கது

(வாசுதேவநல்லூரில் நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகுந்த பொருள் பொதுமன்றங்களில் எளிதிற் பேசப்படாத பொருள். கல்வி, தொழில், திருமணச் செலவு, ஒற்றுமை ஆகியவற்றைப்பற்றி இச் சங்கத்திற் பன்முறை பேசியிருக்கின்றோம். ஆனால் நம் இல்லங்களில் தாயரும் உடன்பிறந்தாரும் மனைவியரும் வாய் திறவாது ஆண்டுக்கணக்கிற் சுமந்துவரும் ஒரு நோயைப்பற்றிப் பேசினோமில்லை. கருப்பையிறக்கம் என்பது அதன் பெயர். பெண்டிர் தமக்குள் 'அடி இறங்கிவிட்டது' என்று தணிந்த குரலிற் சொல்லிக்கொள்வது இதனையே.

மருத்துவரல்லாத தமிழாசிரியர் இதனைப் பேசுவானேன் எனச் சிலர் ஐயுறலாம். பெயர் சொல்ல இயலாத நோய்க்கு மருந்து கேட்டல் அரிது. இந்நோயுற்ற பெண் மருத்துவர்முன் சென்றும் 'இடுப்பு வலி' என்பாள். 'அடிவயிறு கடுக்கிறது' என்பாள். வலிக்கு மாத்திரை கிடைக்கும். நோய் அப்படியே நிற்கும். சொல்லைத் தருதல் ஆசிரியர் தொழில். ஆதலின் பேசத் துணிந்தோம்.

முதற்கண் இந்நோய் இன்னதென அறிவோம். பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தசைகளும் தசைநார்களும் சேர்ந்து தூளிபோல் அமைந்துள்ளன. முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல் ஆகிய மூன்றையும் அத்தூளி தாங்கி நிற்கின்றது. அது தளர்ந்தால் இவற்றுள் ஒன்றோ பலவோ கீழ்நோக்கி இறங்கும். தொடக்கத்தில் உள்ளேயே சிறிது தாழும். முற்றினால் வெளியே புறப்பட்டு நிற்கும். அடியிற் கனம், மாலையில் மிகும் இடுப்புளைச்சல், சிறுநீர் முழுதும் கழியாமை, இருமினால் நீர் கசிதல், மலங் கழிப்பதில் இடர், இறங்கியதைக் கையால் உள்ளே தள்ளவேண்டிய நிலை, ஆடையில் உராய்ந்து புண்ணாதல், இல்லறவுறவில் வருத்தம் ஆகியன இதன் குறிகள்.

இஃது எதனால் வருகிறது? மகப்பேற்றில் அத்தசைகள் மிக விரிகின்றன. நெடுநேரம் நீடித்த பேறு, பெரிய குழந்தை, ஆயுதமிட்டு எடுத்த பேறு, பல பேறுகள் ஆகியவற்றால் தளர்ச்சி மிகும். தீட்டு நின்ற வயதில் உடலின் சுரப்பு நீர் குறைவதாலும் தசை மெலியும். தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குதல், உடற்பருமன், ஓயாது பாரந் தூக்குதல் ஆகியன அடிவயிற்றை மேலிருந்து அழுத்தும். இக்காரணங்களுள் எதிலேனும் பெண்ணின் ஒழுக்கக்குறைவு உண்டோ? இல்லை. தெய்வக்குற்றமும் இல்லை. இது தொற்றுவதும் அன்று, புற்றும் அன்று. சுமை தாங்கிய தூண் தளர்ந்தால் தூணைப் பழிப்பார் உளரோ?

இது புதிய நோயும் அன்று. 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியில் இதன் குறிப்பு உண்டு. நம் நாட்டுச் சரகரும் சுசுருதரும் பெண்களின் உறுப்பு நோய்களை இருபது என வகுத்தனர். உறுப்பு இடம்பெயர்ந்து இறங்குதலும் அவ்வகுப்பில் இடம்பெற்றது. முன்னோர் நூலில் எழுத நாணாததை நாம் வாயாற் சொல்ல நாணுவது முறையாகாது.

நிற்க. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதை யாவரும் அறிவீர்கள். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. இந்நோயை அந்நான்கு கூற்றின்வழியே ஆராய்வோம்.

முதலாவது, நோயுற்றவர். செங்கற்பட்டுப் பகுதியில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ரூவ்செக்' என்னும் ஊரக மகளிர் சமூகக் கல்வி மையம், அப்பகுதியில் இந்நோயுற்ற பெண்களையே பேசவைத்துக் கேட்டது. டி. கே. சுந்தரி ரவீந்திரனும் உடனுழைத்தோரும் எழுதிய அவ்வாய்வு 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. முதுமகளிர்க்கே வருவது எனப் பலரும் எண்ணும் இந்நோய் இளந்தாயரையும் பற்றுகின்றது என்பதும், அவர்கள் அதனோடேயே வயலிலும் வீட்டிலும் உழைத்துக் காலங்கழிக்கின்றனர் என்பதும் அவ்வாய்வால் விளங்கும். நம் பக்கத்தைப் பாருங்கள். நாற்று நடுபவளும், களையெடுப்பவளும், விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமப்பவளும், நாள்முழுதும் குந்தியிருந்து பீடி சுற்றுபவளும் நம் வீட்டுப் பெண்களே. ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் ஒருநாட் கூலி போகும். 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று சொன்னால் மாமியார் என் சொல்வாரோ, கணவர் வெறுப்பாரோ என்னும் அச்சம் வேறு. ஆகவே மறைக்கின்றாள், மறைக்க மறைக்க நோய் வளர்கின்றது.

தாய்மார்களே, உங்கள் கூறு ஒன்றே: சொல்லிவிடுங்கள். 'கருப்பை இறங்கியிருக்கிறது' என்று மருத்துவரிடம் நேரே சொல்லுங்கள். 'அடி இறக்கம்' என்றாலும் போதும். தீட்டு நின்றபின் உதிரங் கண்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, வெளிவந்த பகுதி புண்ணானாலோ ஒருநாளும் தாழ்க்காதீர்கள்.

இரண்டாவது, நோய் தீர்ப்பவர். ஆண் மருத்துவரிடம் காட்ட நாணிப் பெண்கள் மருத்துவமனைப் படியேறாத காலம் ஒன்று இருந்தது. அதற்காகவே 1885ஆம் ஆண்டு சென்னையில், மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால், சாதிக் கட்டுப்பாடும் கோஷாவும் உடைய மகளிர்க்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. 1912ஆம் ஆண்டு முத்துலட்சுமி அம்மையார் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் வழியில் தமிழ்ப்பெண்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவராயினர். நம் அரசு மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பகுதியிற் பெண் மருத்துவர் பலரைக் காணலாம். நம்மூர்ச் சுகாதார நிலையத்தில் முதலிற் காட்டலாம். அங்கிருந்து சங்கரன்கோவில், தென்காசி அரசு மருத்துவமனைகளுக்கோ, 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ செல்லலாம். அன்று பெண்ணுக்குப் பெண் மருத்துவர் இல்லை என்பது காரணம். இன்று அக்காரணமும் போயிற்று.

மூன்றாவது, மருந்து. இந்நோய்க்கு உடனே கத்தி வேண்டும் என்றெண்ணி அஞ்சுவோர் பலர். அஃது உண்மையன்று. இறக்கம் சிறிதாயின் பயிற்சி உதவும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் 1948இல் வெளியிட்ட பயிற்சி இது. சிறுநீரை அடக்குவதுபோலவும் வாயுவைத் தடுப்பதுபோலவும் அடித்தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் தளரவிடவேண்டும். மூச்சை அடக்கலாகாது. பத்துமுறை செய்வது ஒரு வேளை. நாளொன்றுக்கு மூன்று வேளை. மூன்று நான்கு திங்கள் விடாது செய்தல் வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இதனைப் பழகலாகாது. 2014இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, 447 பெண்களைக்கொண்டு நடத்தப்பட்டு, முறையாகக் கற்பிக்கப்பட்ட இப்பயிற்சியால் நோயின் தொல்லைகள் குறைகின்றன என்று காட்டியது. அடுப்படியில் நின்றும், பீடித்தட்டின்முன் இருந்தும், பேருந்திற் சென்றும் பிறர் அறியாமற் செய்யக்கூடிய மருந்து இது, காசும் வேண்டாம்.

இறக்கம் மிகின் வளையம் உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவர் மாதுளம்பழப் பாதியை உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கச்செய்தனர் என்பர். இன்று மென்மையான சிலிக்கான் வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து வைப்பர். அவர் சொன்ன தவணையில் எடுத்துத் தூய்மை செய்து மீண்டும் வைத்தல் வேண்டும். வைத்ததை மறந்துவிடுதல் புண்ணுக்கு இடமாகும்.

இவற்றால் ஆகாவிடில் அறுவை உண்டு. கருப்பையை எடுத்துத் தசைகளைத் தைத்தல் ஒரு முறை. மகப்பேற்றை விரும்பும் இளம்பெண்களுக்குக் கருப்பையை எடாமலே மேலே தூக்கிக் கட்டும் முறைகளும் உள்ளன. அவற்றுட் பெயர்பெற்ற இரண்டு, பம்பாய் மருத்துவர்களாகிய ஷிரோத்கர், புரந்தரே என்போர் வகுத்தவை. இந்திய மருத்துவர் வகுத்த முறை என்பதில் நமக்குப் பெருமையுண்டு. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சிறிய இறக்கத்திற்கெல்லாம் கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாரேனும் விரைவுபடுத்தினால், இன்னொரு மருத்துவரையும் கேட்டபின்னரே இசையவேண்டும். பெண்ணுறுப்பின் வழியே செயற்கை வலை பொருத்தும் முறையால் கேடுகள் விளைந்தமையின், இந்நோய்க்கான அவ்வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசின் மருந்து ஆட்சித்துறை 2019இல் நிறுத்தியது. அறுவைக்குப் பின்னும் இறக்கம் மீளலாம். ஆதலின் பயிற்சியும் பாரந் தவிர்த்தலும் வாழ்நாள் முழுதும் வேண்டும்.

நான்காவது, அருகிருந்து உதவுபவர். ஆடவர்களே, இக்கூறு நம்முடையது. மருத்துவரும் மருந்தும் இருந்தும் ஒரு பெண் நோயோடு மடிவது இந்நான்காங்கூறு இல்லாமையால். நம்மூர்ச் சிந்தாமணிநாதர் திருக்கோயிலில் இறைவன் மாதொருபாகனாய் வீற்றிருக்கின்றான். அத்திருமுன் கைகூப்பி நிற்கும் நாம், நம் பாகமாகியவள் நொந்து கிடக்கக் காணாதவர்போல் இருத்தல் எங்ஙனம் தகும்?

பிள்ளை பெற்றவளுக்கு ஆறு வாரமேனும் பாரந் தூக்காத ஓய்வு வேண்டும். அந்நாளிற் குடத்தை ஆண் எடுத்தால் மீசை குறையாது. முத்துலட்சுமி அம்மையாரின் பெயரால் 1987 முதல் தமிழக அரசு மகப்பேற்றுதவி அளித்துவருகின்றது. அது கருவுற்றவளின் ஊட்டத்திற்கும், அவள் வேலைக்குச் செல்லாத நாட்களின் இழப்பை ஈடுசெய்தற்கும் ஆனது. அதனை வேறு செலவிற்கு எடுப்பது அவள் ஓய்வைத் திருடுவதாகும். மனைவிக்கு நெடுநாள் இருமலா? மருத்துவரிடம் காட்டுக. மலச்சிக்கலா? கீரையும் பழமும் தண்ணீரும் முதலில் அவள் இலைக்குச் செல்க. மாமியாராய் இருக்கும் தாய்மார்களே, நீங்கள் பட்ட துன்பத்தை மருமகளும் பட்டே தீரவேண்டும் என்னும் முறை எந்நூலிலும் இல்லை.

இது வீட்டு விவகாரம், சங்கத்திற்கு இதில் என்ன வேலை எனக் கேட்கலாம். நேபாள நாட்டில் இந்நோய் பெருகக்கண்டு சிலர் வழக்குத் தொடுத்தனர். 2008ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் இதனைப் பெண்ணின் உரிமையைப் பற்றியதாகக் கொண்டு, மருத்துவமும் விழிப்புணர்ச்சியும் கிடைக்கச் செய்யுமாறு அரசைப் பணித்தது. ஒரு நாட்டின் உயர்ந்த மன்றம் எடுத்துப் பேசிய பொருள் நம் சங்கத்திற்கு இழுக்காகுமோ?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கின்றோம். முதலாவது, ஆண்டுக்கு இருமுறையேனும் அரசுப் பெண் மருத்துவரை அழைத்து மகளிர்க்கு மட்டுமான கூட்டம் நடத்துக. பயிற்சியை அவரே நேரிற் கற்பிக்கட்டும். இரண்டாவது, மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சும் பெண்களுடன் துணை செல்லத் தெருவுக்கு ஒரு மூத்த பெண்மணியை நியமிக்க. அவர் பிறர் மறையைக் காப்பவராயிருக்கவேண்டும். மூன்றாவது, திருநெல்வேலிவரை சென்று தங்கும் ஏழைப் பெண்ணின் வழிச்செலவுக்கும், அவள் இழக்கும் கூலிக்கும் சங்க நிதியில் ஒரு பகுதி ஒதுக்குக. மருத்துவம் அரசு மருத்துவமனையிற் கட்டணமின்றிக் கிடைக்கும். அவளைத் தடுப்பது கட்டணமன்று, பேருந்துச் செலவும் அன்றைய அடுப்புமே. கோயிற் கொடைக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவிடும் சங்கத்திற்கு இது பெருந்தொகையன்று.

இவ்விதழ் நம் இல்லந்தோறும் வரும். இதனை ஆடவர் படித்து மடித்து வைத்துவிடாது, எழுத்தறியாத மூதாட்டியரும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டுக. கேட்டபின் ஒரு தாய், 'எனக்கும் அப்படித்தான் இருக்கிறது' என்று சொல்வாளாயின், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள். நாளைக் காலை எந்தப் பேருந்து என்று மட்டும் கேளுங்கள்.