இரண்டாம் நாள் வலி

(பொன்விழா ஆண்டையொட்டி இளைஞர் மன்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நேற்றுச் சனிக்கிழமை மாலை கண்மாய்க்கரையில் முதன்முறையாக ஓடிப் பார்த்த இரண்டாம் அணியினர் இருபது பேரும் இன்று திருப்பலிக்கு நன்றாகவே நடந்து வந்தீர்கள். கண்டு மகிழ்ந்தோம். ஆனால் நாளை காலை வீட்டுப் படியிறங்கும்போது நம்மைத் திட்டுவீர்கள். அதற்கு முன்பே உங்களிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் இன்று ஒலிபெருக்கி முன் வந்து நிற்கின்றோம். முதல் அணிக்கு இதைச் சொல்லத் தவறினோம். அதன் பலனையும் கண்டோம்.

பொன்விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பங்குப் பேரவை கூடியபோது, தேர், கொடிமரம், சமபந்தி எல்லாம் பேசி முடித்தபின், மன்றத்து இளைஞர்கள் எழுந்து “டிரையத்லான் நடத்துவோம்” என்றார்கள். பெரியவர் ஒருவர் அது ஏதோ மின்விளக்கு அலங்காரம் என்று எண்ணி, செலவு எவ்வளவு என்று கேட்டார்! நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் இடையில் ஓயாமல் ஒரே மூச்சில் முடிக்கும் பந்தயம் அது. 1978-ஆம் ஆண்டு ஹவாயில் 15 பேர் கூடி, 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, அதன்பின் 42 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். “இரும்பு மனிதன்” என்று இன்று உலகெங்கும் பேசப்படும் பந்தயம் அப்படித்தான் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5, 40, 10 கிலோமீட்டர் என்ற அளவில் டிரையத்லானும் சேர்க்கப்பட்டது. நாம் எடுத்துக்கொண்டது அதில் பாதி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். குருமடத்தில் கால்பந்து ஆடியதோடு உடற்பயிற்சிக்குக் கும்பிடு போட்டிருந்த நாம், ஐம்பத்து நான்கு வயதில் என்ன துணிச்சலோ, பேரவையில் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டோம்.

முதல் அணியில் பதினான்கு பேர். சனிக்கிழமை கண்மாய்க்கரை மேட்டில் ஏறி இறங்கி ஓடினோம். ஞாயிறு ஒன்றும் தெரியவில்லை. திங்கள் காலைத் திருப்பலியில் முழங்காலிட்ட நாம், பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தோம். பீடச் சிறுவன் சிரித்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. செவ்வாய் மாலை பயிற்சிக்கு வந்தவர்கள் ஐந்து பேர்! வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “இது நமக்கு ஆகாது பாதர். ஒரு நாள் ஓட்டத்துக்கே இந்தப் பாடு என்றால், மூன்று மாதம் எப்படி?”

இங்கேதான் தவறு. ஒரு நாள் பட்ட பாடே மூன்று மாதமும் தொடரும் என்று எண்ணிக்கொள்கிறோம். பழக்கமில்லாத வேலையைச் செய்யும்போது, அதிலும் மேட்டிலிருந்து இறங்குவதுபோலத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் உண்டாகின்றன. உடல் அதைச் செப்பனிடத் தொடங்கும்போதுதான் வலி தெரிகிறது. ஆகவே அது உடனே வருவதில்லை. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறது. தசையில் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று நம் பள்ளி நாட்களில் சொல்வார்கள். அந்த அமிலம் ஓட்டம் நின்ற ஓரிரு மணி நேரத்திலேயே அடங்கிவிடும். திங்கட்கிழமைக்கு அது பொறுப்பல்ல. முக்கியமான செய்தி இனிமேல்தான் இருக்கிறது. அதே மேட்டில், அதே தூரம், அடுத்த வாரம் ஓடினால் பாதி வலிகூட இராது. உடல் ஒருமுறை கற்றதை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

போனவர்கள் திரும்பி வந்தது நம் பிரசங்கத்தால் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டோம். ஒருவன் மற்றவன் வீட்டு வாசலில் வந்து மணியடிப்பான். வலி உள்ள நாளில் வர வேண்டும், ஆனால் மெதுவாகச் சைக்கிள் மிதித்தால் போதும், அல்லது தண்ணீரில் சற்று இறங்கினால் போதும் என்றோம். பத்து நிமிடம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்று மன்றமே முடிவெடுத்தது. பத்து நிமிடத்தில் போனவர்கள் மிகச் சிலரே. சதை சூடேறினால் வலி தற்காலிகமாகத் தணிகிறது. மீதியைப் பேச்சுத் துணை பார்த்துக்கொள்கிறது.

இனி நம் குற்றத்தையும் சொல்ல வேண்டும். முதல் அணியில் ஒரு தம்பி, இங்கேதான் அமர்ந்திருக்கிறான், கெண்டைக்கால் முன்னெலும்பில் வலிக்கிறது என்று ஒருநாள் நம்மிடம் சொன்னான். குருமடத்தில் நம் காலத்தில் வலி என்று போய் நின்றால் ஒரே பதில்தான்: ஒப்புக்கொடு. நாமும் அதையே அவனுக்குச் சொன்னோம். சிலுவையைச் சுமப்பதைப் பற்றி நான்கு வார்த்தையும் சேர்த்தே சொன்னோம். பிள்ளை அதன்பின் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் நொண்டிக்கொண்டே ஓடியிருக்கிறான். எலும்பில் மயிரிழை விரிசல், இரண்டு மாதம் ஓடக்கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று, அவன் தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். கோபித்திருந்தால் தாங்கியிருப்போம். “உங்களிடம் மறுபடி சொன்னால் கோழை என்று நினைப்பீர்களாம் சாமி, அதனால் மறைத்துவிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிரவு நாம் உறங்கவில்லை. மறுநாள் மன்றத்தார் அனைவர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். இன்று பெற்றோர் முன்னும் கேட்கின்றோம்.

ஆகவே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக வலித்து, நடக்க நடக்கச் சற்று இளகி, நாளுக்கு நாள் குறைந்தால் அது செப்பனிடும் வலி. ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடியதாக, ஓட ஓடக் கூடி, இரவிலும் விடாமல், நொண்ட வைத்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். கடும் வலியோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வராதீர்கள். அது காவல்காரனின் வாயைக் கட்டுவது போன்றது. நம்மைப்போல் நரை கண்டவர்கள் இதயத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்த பின்னரே கண்மாய்ப் பக்கம் வரலாம். நெஞ்சுவலியில் ஒப்புக்கொடுக்க ஒன்றுமில்லை. தாய்மார்கள் பயிற்சி நாளில் சுண்டலோ முட்டையோ சேர்த்துக் கொடுத்து, பிள்ளைகளை நேரத்தோடு தூங்க விடுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்தாலும் தகும்.

வயதைச் சொல்லித் தயங்குவோருக்கு அமெரிக்கக் கன்னியர் ஒருவரைச் சொல்கின்றோம். அருட்சகோதரி மடோனா பியூடர் 1930-இல் பிறந்தவர். 48 வயதில், குரு ஒருவர் சொன்னதைக் கேட்டு ஓடத் தொடங்கினார். 52-இல் முதல் டிரையத்லான். 55-இல் அந்த நீண்ட ஹவாய்ப் பந்தயம். 2012-இல், 82 வயதில், கனடாவில் அதே தூரத்தை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார். நடுவில் பலமுறை எலும்பு முறிந்தது; கெடு தவறிய ஆண்டுகளும் உண்டு. முறிந்த எலும்பை ஆறவிட்டு, அதன்பின் திரும்பி வந்தார். அந்த ஆறவிட்ட மாதங்களையும் அவருடைய பயிற்சியாகவே நாம் இப்போது எண்ணுகின்றோம். ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம்.

நம் தம்பிக்கு நீந்த மட்டும் மருத்துவர் அனுமதி தந்துவிட்டார். கண்மாயில் கயிறும் டியூபும் கட்டி, புதிதாக நீந்துகிறவர்களுக்கு அவன்தான் கரையிலிருந்து கடிகாரம் பிடிக்கிறான். பந்தயத்தன்று நீச்சலை அவன் முடித்துக் கொடுக்க, சைக்கிளையும் ஓட்டத்தையும் வேறு இருவர் ஏற்கும் மூவரணி ஒன்றைச் சேர்க்கப் பேரவை இசைந்துள்ளது. ஓட்டத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பெயர் கொடுப்போர் உபதேசியாரிடம் கொடுங்கள்.

செவ்வாய் மாலை ஐந்தரை மணி, கண்மாய்க்கரை அரசமரத்தடி. வலியோடு வாருங்கள். பத்து நிமிடம்.