நீலப்புள்ளி எங்கே நிற்கிறது?



கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் ஏற்றிப் பொள்ளாச்சி போகும் வண்டிக்காரர்கூட இப்போது செல்போனில் வழி பார்க்கிறார். நல்ல துணைதான். ஆனால் சில நேரம் நீலப்புள்ளி ரோட்டை விட்டுத் தோப்புக்குள் நிற்கும். ஏன்?

சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. நாலு கோள்களின் சிக்னலாவது கிடைத்தால்தான் போன் நம் இடத்தைச் சரியாகச் சொல்லும். அந்தச் சிக்னல் மிக மெல்லியது. தகரக் கூரை மறைத்தாலே புள்ளி தடுமாறும். வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'லொக்கேஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். திசை மாறிக் காட்டினால், போனைப் பிடித்து 8 எழுதுவதுபோல் ஆட்டுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். படம் வராமல் வெறுமையாக நின்றால், நெட் இல்லை என்று பொருள். கிளம்பும் முன்பே படத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி சரியாக இருந்தும் வழி தவறலாம். கோள் நம் இடத்தைத்தான் சொல்லும். ரோட்டில் வெள்ளம் நிற்பது அதற்குத் தெரியாது. 2023 அக்டோபர் 1, நள்ளிரவு கழிந்த நேரம், நல்ல மழை. எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் ஒரு கார் ஆற்றில் விழுந்தது. மேப் பார்த்து வந்தவர்கள். இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில், மேப் பார்த்து வந்த இன்னொரு கார் ஓடையில் மூழ்கியது. நால்வரும் தப்பினார்கள்.

மழை ராத்திரியில் சந்தேகம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். பலகையைப் படியுங்கள். டீக்கடையில் கேளுங்கள்: "அண்ணா, இந்த ரோட்டில் தண்ணி நிக்குதா?"