கணக்கறிந்து வினைசெயல்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியனுக்கு வாணிபக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று நம் புராணங்கள் கூறுகின்றன. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்பன அவை. மசி என்பது மை. எழுத்துப் பணியும் கணக்கெழுதுதலும் அதனுள் அடங்கும். பெருமான் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். ஆகவே எண்ணறிவு நம் மரபுக்குப் புறம்பானதன்று; அதனை ஆடவர்க்கே உரியது என்று ஒதுக்கவும் நமக்கு இடமில்லை.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப் பணியையும் சார்ந்து வாழ்ந்தவை. இன்று வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து சென்ற நம் பிள்ளைகள் கடையும் ஆலையும் நடத்துகின்றனர். சிலர் நிறுவனங்களில் மேலாளர்களாக விளங்குகின்றனர். கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று அவர்களுள் பலர் இருந்துவிடுகின்றனர். ஆடிட்டர், ஆண்டு முடிந்தபின் நடந்ததைச் சரிபார்ப்பவர். நடக்கப்போவதைத் துணிபவர் தொழில் நடத்துபவரே. எனவே, முடிவெடுக்குமுன் அவரே கணக்கைப் படித்தறிய வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. செலவையும் வரவையும் அவற்றைத் தொடர்ந்து வரும் பயனையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. வரப்போகும் பெருக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலைத் தொலைப்பதை அவ்வதிகாரம் அறிவுடைமையாகக் கொள்ளவில்லை.

தொழில் நடத்துபவர் படிக்க வேண்டிய கணக்குகள் மூன்று. ஆண்டின் ஆதாயத்தை இலாப நட்டக் கணக்கு காட்டும். ஒரு குறித்த நாளில் உள்ள உடைமையையும் கடனையும் இருப்புநிலைக் குறிப்பு காட்டும். பணம் எப்போது வந்தது, எங்கே சென்றது என்பதை ரொக்க ஓட்ட அறிக்கை காட்டும். தொழில் ஒன்றே; பார்வை மூன்று. இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு துணிவது, அநேகாந்தம் பயின்ற நமக்கு ஏற்ற செயலன்று.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். நம் பகுதியில் மணிலா என்று வழங்கும் நிலக்கடலையை விளைவிக்கும் ஒரு குடும்பம் எண்ணெய்ச் செக்கு வைக்க விரும்புகிறது. செக்குக்கும் துணைக் கருவிகளுக்கும் 9,60,000 ரூபாய். அவை பத்தாண்டு உழைக்குமானால் மாதத் தேய்மானம் 8,000. ஆறு இலட்சம் கடனுக்கு நூற்றுக்கு 12 வீதம் முதல் மாத வட்டி 6,000. வாடகை 10,000, கூலி 30,000, பழுது முதலிய பிற செலவு 6,000. ஆக, மாதம் 60,000 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெய்கூட விற்காவிடினும் இச்செலவு நிற்காது.

ஒரு லிட்டரின் விற்பனை விலை 250 ரூபாய் என்க. பிண்ணாக்கு விற்ற தொகையைக் கழித்தபின் கடலை, மின்சாரம், புட்டி ஆகியவற்றுக்கு 210 ஆகிறது. மீதி 40 ரூபாய். அறுபதாயிரத்தை நாற்பதால் வகுத்தால் 1,500 லிட்டர். மாதந்தோறும் இவ்வளவு விற்றால்தான் நட்டமின்றி நிற்கலாம். நம் ஊரிலும் சுற்றூர்களிலும் இவ்வளவு வாங்குவோர் உண்டா என்று செக்கு வாங்குமுன் கேட்க வேண்டும்.

மாதம் 2,000 லிட்டர் விற்கிறது என்றே கொள்வோம். இலாபம் 20,000. ஆனால் கடைக்காரர்கள் இரண்டு மாதம் கழித்தே பணம் தருகின்றனர். அப்போது வெளியே நிற்கும் தொகை பத்து இலட்சம் ரூபாய். கடனின் அசலையும் தவணைதோறும் கட்ட வேண்டும். அத்தொகை இலாப நட்டக் கணக்கில் இடம்பெறாது. அறுவடைக் காலத்தில் குறைந்த விலைக்குக் கடலை வரும்போது இலாபம் ஏட்டில் இருக்கும்; வாங்கக் கையில் பணம் இராது. நன்றாக ஓடிய கடைகள் திடீரென்று மூடப்படுவதைக் காண்கிறோம். அவற்றுள் பல இவ்வாறு பணமுடையால் நின்றவையே.

இனி, ஒரு பெருவணிகர் வந்து மாதம் 500 லிட்டரை 225 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? செக்குக்கு ஓய்வு நேரம் இருந்து, அவர் கையோடு பணமும் தந்தால், லிட்டருக்கு 15 வீதம் 7,500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் செய்தி பரவிப் பழைய கடைக்காரர்களும் அதே விலை கேட்டால், 2,500 லிட்டருக்கும் கிடைப்பது 37,500 மட்டுமே. இருபதாயிரம் இலாபம் 22,500 நட்டமாக மாறும். ஆம், இல்லை என்று விடை சொல்லுமுன் இவ்விரண்டையும் எழுதிப் பார்ப்பவரே மேலாளர்.

இங்கிலாந்தில் மட்பாண்ட ஆலை நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட், 1772ஆம் ஆண்டின் வணிக நெருக்கடியில் தம் செலவுக் கணக்கைத் தாமே ஆராய்ந்தார். விற்பனை குறைந்தாலும் வாடகையும் கூலியும் அச்சுச் செலவும் குறையாமை கண்டார். ஒரே வகைப் பொருளை மிகுதியாகச் செய்தால் அச்செலவு பரவும். விலையைக் குறைத்து நடுத்தர மக்களிடமும் விற்கலாம் என்று தெளிந்தார். அந்த ஆய்வில் அலுவலர் ஒருவரின் மோசடியும் வெளிப்பட்டது.

இத்தனையும் பயன்தர வேண்டுமாயின் ஏடு மெய்யாக இருத்தல் வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர், வாய்மை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கூடலேகக் கிரியையையும் நியாசாபகாரத்தையும் வைத்தார். பொய்யாவணம் எழுதுதல் முன்னது. நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல் பின்னது. வரித்துறைக்குக் குறைத்தும் வங்கிக்குப் பெருக்கியும் ஏடு எழுதுவோர் பிறரை மட்டுமா ஏமாற்றுகின்றனர்? பெருக்கிக் காட்டிய விற்பனைக்குக் கிடைத்த கடனை, உள்ளபடி நடந்த விற்பனையிலிருந்தே கட்ட வேண்டும். அந்தச் சுமை குடும்பத்தின் மீதும், நம்பிப் பணம் தந்த உறவினர் மீதும் விழுகிறது.

மிகுபொருள் விரும்பாமையும் கணக்கில்தான் தொடங்குகிறது. நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம் முதலியவற்றுக்குச் சிராவகர் வரம்பு வகுத்துக்கொள்கிறார். உள்ளது எவ்வளவு என்று அறியாதவர் வரம்பை எங்கே வைப்பார்? தொழிலிலும் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்னும் எல்லையை, வங்கியின் படியேறுமுன் வீட்டிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் குடும்பத்தோடு அமர்ந்து கணக்கைப் படியுங்கள். மனைவியும் மகளும் மருமகளும் உடனிருக்கட்டும். எவ்வளவு விற்றால் நட்டமில்லை, பணம் எப்போது கைக்கு வரும், எதிர்பார்த்ததில் பாதியே விற்றால் கடனை எதிலிருந்து கட்டுவோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதிய பிறகே புதிய கடனில் கையெழுத்திடுங்கள்.

அறக்கட்டளையாருக்கும் ஒன்று சொல்வேன். கோடை விடுமுறையில் சிறுவர்க்கு அறநெறி வகுப்பு நடத்தும்போது, பெரியவர்க்கு இரண்டு நாள் கணக்கு வகுப்பும் நடத்துங்கள். கற்பிக்க நம் சமூகத்திலேயே வணிகவியல் ஆசிரியர்களும் ஆடிட்டர்களும் உள்ளனர். பெண்களும் அவ்வகுப்புக்குத் திரளாக வர வேண்டும்.

 வாழ்க அறநெறி! வளர்க ஜிநதர்மம்!