சுற்றறிக்கை சட்டமாகுமா?



தறியோசை ஓயாத இவ்வாரணியில், பள்ளியில் நம் பிள்ளைகள் வாய் திறப்பதைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

1985இல் கேரளத்தில் உடன்பிறந்த மாணாக்கர் மூவர் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். நாட்டுப்பண் இசைக்கையில் அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அவ்வளவே குற்றம்! உயர் நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை. 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பினால், அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. இதுவே பிஜோ இம்மானுவேல் வழக்கு. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். கல்வித் துறையின் சுற்றறிக்கை போதாது என்பது அத்தீர்ப்பு.

எம்போன்ற தலைமையாசிரியர்க்கு இது கசப்பு மருந்தே. கையொப்பமிட்டு முத்திரை வைத்தால் அதுவே சட்டம் என்றெண்ணிப் பழகிவிட்டோம்.

முன்னர் யாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் நம் சமூகச் சிறுவன் ஒருவன், “வகுப்பைப் பெருக்குவது எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் ஏன், ஐயா?” என்று வினவினான். வாயாடி எனப் பிரம்படி பெற்றான். அன்று யாம் உதவி ஆசிரியர், ஒன்றும் பேசினோமில்லை. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும், அதனைத் தட்டிக் கேட்க அவனுக்கு உரிமை தந்த 19ஆம் பிரிவும் அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழுவின் சட்டத்தில் உள்ளவையே.

பாட வேளையில் கூச்சலிடுதல் உரிமையன்று. அதை மாணவர்கள் உணர்க. ஆனால், கேள்வி கேட்டான் என்று புகார் வந்தால், பெற்றோர்களே, பிள்ளையை அடிக்காதீர்கள். இச்சங்கத்தாருடன் பள்ளிக்கு வந்து, எச்சட்டப்படி தண்டித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எம் பள்ளிக்கும் வரலாம்.