கடைசிப் படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டதா?

(பண்பாட்டுக் குழுத் தோழர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட இரண்டு நாள் முகாமில், இரண்டாம் நாள் காலை ஆற்றிய உரை. பேச்சு வழக்கை முழுதும் மாற்றாமல் தருகிறோம்.)



நான் பேச்சாளன் இல்லை. மைக் செட் போடுறவன். முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல, மத்தவங்க பேசுறதுக்காக "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கேன். அதுக்கு மேல பேசச் சொல்லி இன்னைக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. "திறந்தவெளி அரங்கில் ஒலியும் மக்களும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்புதான். நான் நேத்து ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நேற்று இந்த வளாகத்துத் திறந்தவெளி அரங்கில் நம் நிகழ்ச்சி நடந்தது. அரைவட்டமாகக் கட்டிய படிகள், கீழே மேடை. மைக் செட் என்னுடையது இல்லை, வெளியிலிருந்து வாடகைக்கு வந்தது. எனக்கு வேலை இல்லாததால் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் நம் முகாமுக்குச் சமைக்க வந்த மூன்று பெண்கள். பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களில் வயதான அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏய்யா, அந்தப் பிள்ள என்னத்தச் சொல்லி இப்பிடி அழுவுது? ஒண்ணும் வெளங்கலயே." மேடையில் ஒரு தங்கச்சி, மலக்குழிக்குள் இறங்கிச் செத்துப்போன அப்பாவைப் பற்றித் தனி ஆளாக நடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பாதி வார்த்தைதான் வந்து சேர்ந்தது. அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். யாரைப் பற்றிய நாடகமோ அவர் போய்விட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த நாம் கை தட்டினோம்.

யாரையும் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. எழுந்து போய் மிக்சரில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்ம செட் இல்லையே, அடுத்தவன் தொழிலில் ஏன் தலையிடணும் என்கிற வீம்பு.

ஏன் கேட்கலை என்பதை முதலில் பார்ப்போம். கூடத்துக்குள் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். வெட்டவெளியில் போனது போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 5 மீட்டரில் இருக்கிறவருக்கும் 40 மீட்டரில் இருக்கிறவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். சாதாரணமாகப் பேசுறதுக்கும் தொண்டை கிழியக் கத்துறதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு நம்ம ஆட்கள் வச்சிருக்கிற ஒரே வைத்தியம், "அண்ணே, வால்யூமை ஏத்துங்க". ஏத்தினா முன்வரிசைக்குக் காது வலிக்கும், மைக் கூவும், ஆம்ப்ளிஃபயர் தாங்காமல் குரல் கிழியும். பின்னால் இருக்கிறவங்களுக்குச் சத்தம் போகும், சொல் போகாது. க, ச, ட, த, ப என்று நாம் அழுத்தி உச்சரிக்கிற எழுத்துகள்தான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அவற்றின் கூர்மை உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்களின் தலையும் உடம்பும் அதைத்தான் முதலில் தின்னும். தூரம் கூடினால் காற்றும் தின்னும். மிஞ்சுறது 'டும் டும்' மட்டும்தான்.

படி கட்டுவது இதற்காகத்தான். பின்னால் இருக்கிறவரின் காது முன்னால் இருக்கிறவரின் தலைக்கு மேலே வந்துவிடும். கிரேக்கர்கள் இதைச் செய்து பார்த்தவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழும்பிய எபிடாரஸ் அரங்கில் கீழே 34 வரிசைகள், மேலே 21 வரிசைகள். மேடையில் காசு விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்று அங்கே சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வார்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்துத் தங்கள் முடிவுகளைச் சொன்னார்கள். ஏதோ சத்தம் என்று கடைசி வரை கேட்கிறது. அது காசு என்று புரிவது பாதி வரிசை வரைக்கும்தான். முணுமுணுத்தால் முன்வரிசைக்கு மட்டும் விளங்கும். நடிகன் உரக்கப் பேசினால் உச்சிப் படிவரை போகிறது. ஆக அந்தக் கல்லில் மந்திரம் எதுவும் கிடையாது. சரிவும், பேசுகிறவனின் பயிற்சியும்தான்.

ரோமாபுரிக்காரன் அந்தப் படிகளை வேறு வேலைக்கும் பயன்படுத்தினான். கி.மு. 67இல் ஒரு சட்டம்: நாடக அரங்கில் 14 வரிசைகள் சொத்துள்ள குதிரைப்படை வகுப்பாருக்கு. பிறகு அகஸ்டஸ் சக்கரவர்த்தி இன்னும் இறுக்கினான். முதல் வரிசை செனட்டர்களுக்கு. கறுத்த மேலாடை போட்டு வருகிறவர்கள் நடுப்பகுதியில் உட்காரக் கூடாது. பெண்கள் கிளாடியேட்டர் சண்டையை உச்சிப் படிகளிலிருந்துதான் பார்க்க வேண்டும். படிநிலை ஏற்றத்தாழ்வு என்று பாபாசாகேப் சொன்னதை நாம் புத்தகத்தில் படிக்கிறோம். அவன் கல்லிலேயே வெட்டி வச்சிருந்தான்.

நம்ம ஊரில் கல் தேவைப்படவில்லை. நான் தொழில் பழகிய காலத்தில் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. மெலிந்த பையன் என்பதால் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. நாலு குழாய். நாலும் ஊர்த் தெருக்களைப் பார்த்து. கண்மாய்க்கு அந்தப் பக்கம் சேரி. "ஒண்ண அந்தப் பக்கம் திருப்பிக் கட்டவா?" என்று மரத்து மேலிருந்து கேட்டேன். கீழே நின்ற பெரியவர் சொன்னார்: "அவனுகளுக்கு எதுக்குடா பாட்டு? காத்துல வர்றதக் கேட்டுக்கிறட்டும்." நான் யார் வீட்டுப் பையன் என்று அவருக்குத் தெரியாது. என் முதலாளிக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்னைக்கு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். செட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் கண்மாய்க் கரையில் சேரிச் சனத்தோடு போய் உட்கார்ந்தேன். பபூன் குதிக்கிறது முதல்ல தெரியும், வசனம் முக்கால் நொடி கழிச்சு வரும். ஆனாலும் வந்தது. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேல்காற்று சூடாக இருக்கும், அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகல் வெயிலில் இதற்கு நேர்மாறு, சத்தம் மேலே ஏறிப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குழாயை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பது மெக்கானிக் முடிவு பண்ணுகிற விசயம் இல்லை.

இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். மரியன் ஆண்டர்சன் என்ற பாடகி. வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹாலை அவருக்குத் தரமாட்டேன் என்றது அதை வைத்திருந்த வெள்ளைப் பெண்களின் சங்கம். 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகப் படிக்கட்டில் மைக்குகளுக்கு முன்னால் நின்று பாடினார். நாலாயிரம் பேர்கூட உட்கார முடியாத கூடம் மறுக்கப்பட்டது. வெட்டவெளியில் 75 ஆயிரம் பேர் நின்று கேட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில், கறுப்பரும் வெள்ளையரும். வானொலியில் நாடே கேட்டது.

இருபத்து நாலு வருசம் கழித்து, 1963 ஆகஸ்ட் 28, அதே படிக்கட்டு. இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் பேசியது எல்லோருக்கும் தெரியும். அது எப்படிக் கேட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஊர்வலத்தை ஒழுங்கு செய்தவர் பேயர்ட் ரஸ்டின். ஒலி அமைப்புக்கு 16,000 டாலர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காது கேட்காத கூட்டத்தில் ஒழுங்கு இருக்காது என்பது அவர் வாதம். வன்முறை நடக்கும் என்று அரசு பயந்துகொண்டிருந்த நாள் அது. கழிப்பறை, குடிதண்ணீர், வெயிலில் கெடாத சாப்பாடு, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. முந்தின நாள் யாரோ அந்த ஒலி அமைப்பை நாசம் செய்துவிட்டார்கள். செட்டைப் போட்டவர்களால் சரிசெய்ய முடியவில்லை. போராட்டத்துத் தலைவர்கள் அரசாங்கத்தை நெருக்கினார்கள், ராணுவத்தின் சிக்னல் பிரிவு வந்து ராவோடு ராவாகச் சரிசெய்தது. மைக் செட்டைக் கெடுக்க வந்தவனுக்கு அதன் மதிப்புத் தெரிஞ்சிருக்கு, பாருங்க. நமக்குத்தான் பட்ஜெட்டில் நோட்டீஸ், ஃபிளக்ஸ், சால்வை எல்லாம் போக மிஞ்சினது மைக் செட்டுக்கு.

பெரிய காசு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 10, சென்னைக்குப் பக்கத்தில் பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி. கையில் டிக்கெட்டோடு வந்தவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைப் படித்திருப்பீர்கள். உள்ளே போயும் பின்னால் பாட்டே கேட்கவில்லை என்று புகார். அங்கே ஒன்று நடந்தது: காசு கொடுத்தவர்கள் சண்டை போட்டார்கள், ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நம்ம கூட்டத்துக்குச் சும்மா வர்ற அம்மா சண்டை போட மாட்டாங்க. எழுந்து போயிடுவாங்க, அவ்வளவுதான். அடுத்த தடவை வர மாட்டாங்க.

சரி, என்ன செய்யலாம்? ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீங்க. ஸ்டாண்டில் ஏற்றி, கடைசிப் படியைக் குறிபார்த்து வையுங்க. முன்வரிசைக்குக் கொஞ்சம் குறைஞ்சா குடி முழுகிப் போகாது. மைதானம் நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு ஜோடி வேணும். ஆனா அதை அப்படியே மாட்டக் கூடாது. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் கடக்க நொடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். வயரில் போகிறது உடனே போய்விடும். ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். பின்னால் உள்ள ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதிக்கணும். டிஜிட்டல் மிக்சரில் அதற்கு வசதி இருக்கு, கேட்டு வாங்குங்க.

அப்புறம் பறை. பறைக் கலைஞர்கள் கோவிச்சுக்கக் கூடாது. இவ்வளவு சின்ன அரங்கில் பறைக்கு மைக் வேண்டாம். வெட்டவெளிக்கென்றே பிறந்த கருவி அது. தோலோடு ஒட்டி மைக்கை வைத்தால் அடிக்குச்சியின் இடி மட்டும் போகும், சிண்டுக்குச்சியின் பேச்சு செத்துப்போகும். பறைன்னா வெறும் இரைச்சல்னு சொல்றவனுக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். நேத்துப் பனியில் தோல் தளர்ந்துபோச்சு, காய்ச்ச நெருப்பு இல்லை. மைக்கை நெருக்கி வைத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னைக்கு மேடைக்குப் பின்னால் வைக்கோல் போட்டு வைங்க. மைக்கைப் பாடுறவங்களுக்கும் நடிக்கிறவங்களுக்கும் கொடுங்க.

இன்னைக்கும் நிகழ்ச்சி இருக்கு. நேத்து நடந்த அதே நாடகத்தை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கேன், தங்கச்சியும் சம்மதிச்சிட்டாங்க. செட்காரத் தம்பிகிட்டயும் பேசிட்டேன், நல்ல பையன், கோவிச்சுக்கலை. நாலு மணிக்குச் சோதனை. தங்கச்சி மேடையில நாலு வரி பேசணும், நாலு பேர் என்னோட கடைசிப் படிக்கு வரணும். சமையல் அம்மாவையும் கூப்பிட்டிருக்கேன். வெளங்குதா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். அஞ்சு மணிக்குள்ள அவங்கள விட்டுடணும், அடுப்புப் பத்த வைக்கணுமாம். ராத்திரி பாத்திரம் கழுவ நம்மில் யார் யார் வர்றீங்கன்னு பேரைக் கொடுத்துட்டுப் போங்க. முன்வரிசையில உட்கார்ந்த தோழர்கள்கிட்டேருந்து ஆரம்பிக்கிறேன்.