தைக்காமல் விட்ட காலம்



நாவல் படமாகும்போது வாசகர் கேட்கும் முதற்கேள்வி, எதை விட்டார்கள் என்பதே. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்டு 'உதிரிப்பூக்க'ளைத் (1979) தாமே வளர்த்தெடுத்தார் மகேந்திரன். அதற்கு நேர்மாறான சோதனை ஜெர்மனியில் 1965-இல் நிகழ்ந்தது.

ஹைன்ரிஷ் போல் 1959-இல் வெளியிட்ட 'ஒன்பதரை மணிக்குப் பில்லியர்ட்ஸ்' ஒரு கட்டடக் கலைஞர் குடும்பத்தின் கதை. பாட்டன் ஒரு மடாலயத்தைக் கட்டுகிறார். மகன் போர் முடியும் தறுவாயில் அதை வெடிவைத்துத் தகர்க்கிறான். அதை மீண்டும் எழுப்பும் பணி பேரன் கைக்கு வருகிறது. நிகழ்காலம் 1958 செப்டம்பர் 6 என்னும் ஒரே நாள். பாட்டனின் எண்பதாம் பிறந்தநாள்.

ழான்-மாரி ஸ்ட்ராப், தானியேல் உய்யே தம்பதியர் இதனை ஒரு மணி நேரத்திற்கும் குறைவான படமாக்கினர். பெயர் 'இணங்காதவர்கள்'. சொற்கள் போலுடையவை. அவற்றைப் பேசுவோர் பெரும்பாலும் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். உணர்ச்சியைக் கொட்டாமல் ஒப்புவிக்கிறார்கள். நாவலின் பெரும்பகுதி விடப்பட்டது; முதலில் விடப்பட்டவை இணைப்புகள். முதல் உலகப்போர்க் காலமும் நாஜிக் காலமும் 1958-உம் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. பழைய நினைவு என்று அறிவிக்கும் புகைமூட்டம் கிடையாது.

இதைக் குழப்பம் என்பார்கள். ஆயக்குடித் திண்ணையில் மூதாட்டியர் பேசக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மறைந்த மாமனாரும் நேற்றுப் பிறந்த கொள்ளுப்பேரனும் அங்கே ஒரே வாக்கியத்தில் இருப்பார்கள். யாரும் ஆண்டு கேட்பதில்லை.

ஆனால் இது வெறும் உத்தியன்று. காலங்களுக்கிடையே புகைமூட்டம் வைத்தால் நாஜிக் காலம் முடிந்துபோன காலமாகிவிடும். போலின் கதையில் அது முடியவில்லை. பள்ளியில் உடன்பயின்றவனை வதைத்தவன் இன்று அரசில் உயர் பதவியில் இருக்கிறான். யூதர்களை ஏற்றிய இரயிலில் தன்னையும் ஏற்றச் சொன்ன பாட்டியோ மனநல விடுதியில். அவள்தான் பேரப்பிள்ளைகளின் காலத்தில் விடுதி மாடத்திலிருந்து ஓர் அமைச்சரைச் சுடுகிறாள். அன்றையும் இன்றையும் நெருக்கி வைத்ததால் அச்செயல் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. அடிகளுக்கிடையே சொல்லாமல் விடுவதன் கனம் கவிஞர்களுக்குத் தெரியாததன்று.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில் (1976) நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் தம் மக்கள் ஊர்விட்டு வந்த கதையைச் சொல்கிறாள். அந்தப் பேச்சைப் பேச்சாகவே வைத்து, இடையே ஒரு குதிரையைக்கூட ஓடவிடாமல் படமெடுக்க எவரேனும் துணிந்தால், முதலில் அவர் பார்க்கவேண்டியது இந்தப் படத்தை.