ஒடெசா 1941: யார் கொன்னாங்க, யாரைக் கொன்னாங்க?

(நம்ம தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



யூத இனப்படுகொலைன்னு சொன்னதும் நமக்கு ஹிட்லர், ஆஷ்விட்ஸ், விஷவாயு அறை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஒடெசா வராது.

கருங்கடல் கரையில், இன்றைய உக்ரைனில் இருக்கிற துறைமுக நகரம் அது. போருக்கு முன்னாடி அங்கே சுமார் 2 லட்சம் யூதர்கள். ஊரில் மூணு பேர்ல ஒருத்தர். போர் நெருங்கினதும் பலர் தப்பிச்சுப் போயிட்டாங்க. போக வழியில்லாதவங்க மாட்டிக்கிட்டாங்க.

1941 அக்டோபர் 16: ஹிட்லரின் கூட்டாளியான ருமேனியாவின் ராணுவம் நகரைப் பிடித்தது.

அக்டோபர் 22 மாலை: ராணுவத் தலைமையகம் வெடித்துச் சிதறியது. பின்வாங்கிய சோவியத் தரப்பு வைத்துவிட்டுப் போன குண்டு அது. தளபதி உட்பட 60க்கும் மேற்பட்டோர் பலி.

பழி விழுந்தது யூதர்கள் மேல!

ருமேனிய சர்வாதிகாரி அன்டோனெஸ்கு போட்ட உத்தரவு என்ன தெரியுமா? செத்த ஒவ்வொரு அதிகாரிக்கும் 200 கம்யூனிஸ்டுகள், ஒவ்வொரு சிப்பாய்க்கும் 100 கம்யூனிஸ்டுகள். உத்தரவில் இருந்தது கம்யூனிஸ்ட். வீடு வீடா போய் இழுத்துட்டு வந்தது யூதர்களை.

மறுநாள் தெருத்தெருவா தூக்கு. துறைமுகப் பக்கம் துப்பாக்கிச் சூடு. ஆயிரக்கணக்கானவர்களைக் கிடங்குகளில் அடைச்சு உயிரோட தீ வெச்சாங்க. அதில் நிறைய பேர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சில நாளில் 25,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டாங்க. மிச்சம் இருந்தவங்களை முகாம்களுக்கு விரட்டினாங்க. அதில் போக்தானோவ்கா முகாமில் மட்டும், டிசம்பரில் தொடங்கி சில வாரத்தில் 40,000 பேருக்கு மேல் கொலை.

இவ்வளவு பெரிய கொடுமை ஏன் நமக்குத் தெரியல?

சோவியத் நினைவுச் சின்னங்கள் இப்படிச் செத்தவங்களை "அமைதியான சோவியத் குடிமக்கள்" என்றன. யூதர் என்ற சொல் காணாமப் போச்சு. ருமேனியாவோ ரொம்ப காலம் எல்லாப் பழியையும் ஜெர்மனி மேல போட்டது. 1946இல் போர்க்குற்றவாளியாகச் சுட்டுக் கொல்லப்பட்ட அன்டோனெஸ்குவுக்கு 1990களில் சிலைகூட வெச்சாங்க! எலி வீசல் தலைமையிலான ஆணையம் 2004இல் அறிக்கை கொடுத்த பிறகுதான் ருமேனிய அரசு பொறுப்பை ஏத்துக்கிச்சு.

செத்தவன் பேரை மறைச்சாலும் சரி, கொன்னவன் பேரை மறைச்சாலும் சரி, அது பாதி உண்மைதான்.

அதனால அக்டோபர் 22 அன்னைக்கு ஒடெசா பற்றிப் பதிவு போடுங்க. வெறும் மெழுகுவத்தி படம் போதாது. செத்தது யூதர்கள், கொன்றது ருமேனிய ராணுவம், சொன்ன சாக்கு ஒரு குண்டு. மூணையும் சேர்த்து எழுதுங்க.